மருந்தில் பிழையில்லை

2009ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, கல்முனையில் உள்ள தனியார் வைத்தியசாலையொன்றில் என் கணவர் அபூசாலிக்கு இடுப்பெலும்பு முறிவுக்கான சத்திரசிகிச்சை நடந்தது. மயக்க மருந்து கொடுத்தவர் நீங்கள்.

இந்த அறையின் மின்விசிறியை மாற்றியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. இப்போது சத்தமில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்னர் அந்தப் பழைய விசிறியின் கீழே இருந்து நீங்கள் சொன்னதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஒன்றையும் தவறவிடவில்லை. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். கேட்பதை ஒழுங்காகக் கேட்டுப் பழக்கம்.

நான் வந்ததற்குக் காரணம் உங்கள் வார்ட்டில் வேலை செய்யும் குணம். போன கிழமை சந்தையில் அவரைக் கண்டேன். மீன் கூறு விலை பேசிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் அதை விட்டுவிட்டு வந்தார்.

“டீச்சர், நம்மட டொக்டர் இப்ப வயசாளிகளுக்கு முழு மயக்கம் குடுக்கமாட்டன் எண்டு நிக்கிறார். உங்கட அவர்ர விசயத்துக்குப் பிறகுதான் இப்பிடி. நேத்தும் பாண்டிருப்பால வந்த ஒரு அம்மாவ மட்டக்களப்புக்கு அனுப்பிப் போட்டார். அந்த மனிசி போகக்குள்ள சொல்லுது, ‘ஆளுக்குப் பயமெண்டா அவர் படுக்கட்டும், நான் ஊசி போடுறன்’ எண்டு.”

குணம் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன். டொக்டர் கதிர்காமத்தம்பியின் கையில் நோயாளி பிழைத்து எழும்புவான் என்று இந்தக் கரை முழுக்கப் பெயர். அப்படிப்பட்ட ஒருவர் தான் செய்யாத பிழையைத் தன் தலையில் சுமப்பது நியாயமில்லை. உங்கள் மருந்தில் பிழையில்லை, டொக்டர். அளவிலும் பிழையில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உங்களுக்குத் தெரிந்த அபூசாலி கட்டிலில் கிடந்த ஒரு கிழவர். எனக்குத் தெரிந்தவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வாய்க்கால் வாய்க்காலாக, விவசாயிகளின் பெயர் பெயராக ஞாபகம் வைத்திருந்தவர். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இல்ஹாமுக்குப் பதினான்கு வயது, நுஸ்ரத்துக்குப் பத்து. 2004 டிசம்பரில் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சம்மாந்துறையில் தங்கையின் வீட்டில் இருந்தேன். அவரும் பிள்ளைகளும் கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் இருந்தார்கள். சுவர் விழுந்து அவருடைய முதுகெலும்பு நொறுங்கியது, ஆள் பிழைத்தார். இல்ஹாமை அன்று பின்னேரம் கண்டெடுத்தார்கள். நுஸ்ரத்தைக் காணவேயில்லை. மையவாடியில் பலரை ஒன்றாக அடக்கிய இடத்தில் அவளும் இருப்பாள் என்று வைத்துக்கொண்டோம்.

அதன் பிறகு ஒரு வருடம் நாங்கள் முகாமில் இருந்தோம். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் எங்கள் கலியாண வாழ்க்கையிலே நல்ல வருடம் அதுதான் என்று சொல்வேன். இரவில் அழுவார். அழும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். மணிக்கட்டு வீங்கும் அளவுக்குப் பிடிப்பார். அதற்கு முன்னர் அவர் அப்படி ஒருநாளும் பிடித்ததில்லை. வாய்க்கால்களோடு வாழ்ந்த மனிதர்.

பிறகு அவருக்குப் பிள்ளை வேண்டும் என்று தோன்றியது. எனக்கு வயது கடந்துவிட்டது. ஜெஸீமாவைப் பெண் கேட்டுப் போனது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள், அமைதியான பிள்ளை. அக்காவைக் கூப்பிடுவதுபோல என்னை ராத்தா என்று கூப்பிடுவாள். உட்கார் என்று நான் சொன்னால்தான் உட்காருவாள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை போவதுதான் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அவருக்கு இரண்டு வீடு கிடைத்தது. வீட்டுத்திட்டத்தில் எனக்குக் கிடைத்த வீடு ஒன்று, ஜெஸீமாவின் தாய் கொடுத்த வீடு மற்றது. இரண்டிலும் சம நாள் இருந்தார். மார்க்கம் சொன்னபடி நீதியாக நடந்தார். நான் குறை சொல்லமாட்டேன்.

ஸைனப் பிறந்தாள். அவர் அந்த வீட்டில் சிரிப்பதாகச் சனங்கள் வந்து சொன்னார்கள். நல்ல செய்தி என்று நினைத்துச் சொன்னார்கள். “உங்கட அவர் புள்ளைய முதுகில ஏத்திக்கிட்டு யானை விளையாடுறார் டீச்சர். அந்த முதுகோட!” என்று அடுத்த வீட்டுப் பெண் சொன்னாள். நான் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அதெல்லாம் பரவாயில்லை. 2008 டிசம்பர் 26ஆம் திகதி காலை மையவாடிக்குப் போக நான் தயாராக இருந்தேன். ஒவ்வொரு வருடமும் இருவரும் சேர்ந்துதான் போவோம். அவர் வரவில்லை. ஸைனப்புக்குக் காய்ச்சல் என்று ஆள் அனுப்பினார். நான் தனியாகப் போய், தனியாக ஓதி, தனியாக வந்தேன். பின்னேரம் வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “காய்ச்சல் விட்டிட்டு புள்ள” என்றார். அவருடைய முகத்தில் அப்படியொரு நிம்மதி. அன்று என்ன நாள் என்பது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகத்தில் இல்லை. எந்த மருந்தும் கொடுக்காமலே என் பிள்ளைகள் அவருடைய தலையிலிருந்து போயிருந்தார்கள். இதைக் கவனத்தில் எடுங்கள், டொக்டர். முதலில் மறந்தவர் அவர்.

அடுத்த வருடம் மே மாதம் ஜெஸீமாவின் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். முதுகு பழுதுபட்டிருந்ததால் முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்க வைக்க முடியாது, முழு மயக்கம்தான் வழி என்றீர்கள். இந்த மேசைக்கு இந்தப் பக்கம் நானும் ஜெஸீமாவும் இருந்தோம். ஸைனப் அவளுடைய மடியில் தூங்கியிருந்தாள்.

“வயசு போன ஆக்களுக்கு முழு மயக்கம் எண்டா நான் பயப்பிடுறது உயிருக்கில்ல, ஞாபகத்துக்கு” என்றீர்கள். “அமைதிப்படுத்திற ஊசி ஒண்டு வழக்கமா முதல்ல போடுவம். அத இவருக்குப் போடமாட்டன். மருந்த எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைப்பன். அதோட என்ர வேலை முடிஞ்சுது. எழும்பின பிறகு கொஞ்ச நாளைக்கு ஆள் குழம்புவார். அதில இருந்து கூட்டி வாறது உங்கட வேலை.”

எப்படி என்பதையும் சொன்னீர்கள். கண் திறந்த உடனே மூக்குக் கண்ணாடியும் காது மெசினும் போட்டுவிட வேண்டும். பகலில் திரைச்சீலையை விலக்கி வெளிச்சம் காட்ட வேண்டும். நித்திரைக் குளிசை கூடாது; தடிமனுக்கும் அரிப்புக்கும் எல்லா வீட்டிலும் வைத்திருக்கிறோமே, அந்தச் சின்ன மஞ்சள் குளிசையும் கூடாது. முக்கியமாக, பழகிய குரல் ஒன்று பக்கத்திலிருந்து, அவர் யார், இது எந்த ஊர், என்ன வருடம், வீட்டில் யார் யார் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். “அந்த நேரத்தில சொல்றதுதான் தங்கும்” என்றீர்கள்.

யார் நிற்பது என்று கேட்டீர்கள். ஜெஸீமா ஒரு கணமும் யோசிக்கவில்லை. “ராத்தாதான் டொக்டர். முதல் இரிக்கிறவ அவதானே. நான் எப்பிடி முந்துற?” என்றாள். மூத்தவளுக்கு இடம் விடுவதுதான் மரியாதை என்று அவளை வளர்த்திருந்தார்கள். நீங்களும் அதைச் சரியென்று எழுதிக்கொண்டீர்கள்.

அவர் கண் திறந்தபோது நான் எந்தத் திட்டத்தோடும் இருக்கவில்லை. இதை நீங்கள் நம்பலாம். கண்ணாடியும் மெசினும் என் கைப்பையில் இருந்தன. எடுக்கத்தான் கையை விட்டேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் சீனவெடி கொளுத்தினார்கள். யுத்தம் முடிந்துவிட்டதாம். முந்தின நாளிலிருந்தே சந்திக்குச் சந்தி வெடி. காது கேளாதவருக்கும் அந்த அதிர்வு தெரிந்தது. அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“பெருநாளா சரீபா? புள்ளைகளா வெடி கொளுத்துறாங்க?”

நான் குனிந்து, அவருடைய காதோடு வாய் வைத்து, “ஓம்” என்றேன்.

“இல்ஹாமப் பாத்துக் கொளுத்தச் சொல்லு. கையச் சுட்டுக்குவான்.”

நாலரை வருடம் அந்தப் பெயரை அவருடைய வாயிலிருந்து இவ்வளவு சாதாரணமாக நான் கேட்டதில்லை. கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தேன். வெறுங்கையாக எடுத்தேன். பையின் வாயைப் பூட்டினேன். செய்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதிலிருந்து வந்தது.

அன்று பின்னேரம் நீங்கள் வந்து, கண்ணாடி எங்கே என்று கேட்டீர்கள். கழற்றி எறிகிறார் என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். குழம்பினவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்பது உங்கள் அனுபவம். இரவு பாலில் மஞ்சள் குளிசையைக் கரைத்துக் கொடுத்தேன். பகலில் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சொல்லித் திரையை மூடி வைத்தேன். குணம் வந்து விலக்குவார், நான் மூடுவேன். “டீச்சர், இது என்ன, படம் காட்டப் போறீங்களா இருட்டுக்குள்ள?” என்று ஒருமுறை பகிடி விட்டார்.

நீங்கள் சொல்லித்தந்த முறையை நான் முறையாகவே செய்தேன். பழகிய குரலில், திரும்பத் திரும்ப, அவர் யார் என்று சொன்னேன். ஊர் கல்முனை. வருடம் 2004. வீட்டில் நாலு பேர்.

மூன்றாம் நாள் ஜெஸீமா ஸைனப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டிருந்தாள். கண்ணாடி இல்லாத அவருக்கு வாசலில் ஏதோ நிறம் அசைவது மட்டும் தெரிந்திருக்கும். ஸைனப் “வாப்பா” என்றாள். மெசின் இல்லாத காதில் அது விழவில்லை. அவர் என்னிடம், “யாரு?” என்று கேட்டார். நான் காதோடு சொன்னேன்: “நுஸ்ரத்தோட படிக்கிற புள்ளட உம்மா. நோய் பாக்க வந்திரிக்கா.”

அவர் மரியாதையான மனிதர். தலையைக் கொஞ்சம் உயர்த்தி, “இரிங்க மகள்” என்றார். “சரீபா, அவங்களுக்குத் தேத்தண்ணி குடு.”

ஜெஸீமாவுக்கு நான் சொன்னது கேட்கவில்லை. அவர் சொன்னது கேட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பின்னால் போனேன். விறாந்தையில் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

“மகள் எண்டு சொல்றார் ராத்தா. என்னப் போய்…”

“மருந்துட வேல புள்ள. ரெண்டு மூணு நாளையில சரிவரும்.”

“நீங்க கதைச்சா அவருக்கு விளங்குதே. எனக்காக ஒருக்காக் கேளுங்களன் ராத்தா. ஜெஸீமாவத் தெரியுமா எண்டு மட்டும் கேளுங்க.”

கேட்கிறேன் என்றேன். இருவரும் உள்ளே வந்தோம். அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்று அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து அவருடைய காதில், “கசக்கிற மருந்து ஒண்டு இரிக்கி. குடிக்கிறீங்களா?” என்று கேட்டேன்.

அவர் இல்லையென்று தலையாட்டினார். இரண்டு தரம் ஆட்டினார். முகத்தைச் சுளித்துக்கொண்டும் ஆட்டினார்.

ஜெஸீமா அதைப் பார்த்தாள். அதன் பிறகு வைத்தியசாலைக்கு வந்தாலும் வாசலுக்கு அப்பால் வரவில்லை. கொண்டுவந்த சோற்றை என்னிடம் தந்துவிட்டுப் போவாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டிய அன்று எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது என்ற கேள்வியே எழவில்லை. என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றினேன். “இது ஆர்ர வீடு?” என்று கேட்டார். நம்முடைய வீட்டுக்குக் கூரை மாற்றுகிறார்கள், அதுவரை வாடகைக்கு எடுத்தது என்றேன். ஏற்றுக்கொண்டார். கூரை விசயத்தில் சில யோசனைகளும் சொன்னார். கண்ணாடியையும் மெசினையும் அப்போது போட்டுவிட்டேன். இனி அவை என்னைத்தான் காட்டும், என்னைத்தான் கேட்பிக்கும். குளிசையை நிறுத்தவில்லை.

நோன்பு தொடங்குவதற்கு முன்னர் ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். தெளிவு வருமா என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். வந்தது. இரண்டாம் கிழமை, காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை வைத்துவிட்டு, “ஸைனப் பால் குடிச்சாளா?” என்று கேட்டார். குரல் பழைய குரல். அன்றிரவு மறுபடி கொடுக்கத் தொடங்கினேன். இப்போது கொடுப்பதில்லை. நிறுத்தி நாலைந்து மாதமாகிறது. அந்தப் பெயர் பிறகு வரவில்லை. இனிக் குளிசைக்கு வேலையில்லை.

போன முறை நீங்கள் அவரைப் பரிசோதிக்கும்போது என்ன வருடம் என்று கேட்டீர்கள். 2004 என்றார். நீங்கள் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடி வைத்தீர்கள். பிறகு என்னிடம், “என்ன மன்னிக்க வேணும் டீச்சர். நான் இன்னும் குறைச்சுக் குடுத்திருக்கலாம்” என்றீர்கள். அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதுதான் நான் உங்களுக்குச் செய்த குறை.

இனிச் சொல்லப்போவதை நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும், அரைகுறையாகச் சொல்வது என் பழக்கமில்லை.

பிள்ளைகளை அவருக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். கொடுத்தேன். அவர் சந்தோசமாக இருந்தார். காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். “பள்ளிக்கூடம் விட்டிருக்குமே? இன்னமும் காணல்லயே” என்பார். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால், “அவங்களும் வரட்டும்” என்பார். நான் பக்கத்தில் இருப்பேன். என் பக்கம் திரும்பமாட்டார். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் முகம் மலரும். அந்த முகத்தைத்தான் சனங்கள் ஜெஸீமாவின் வீட்டில் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு விளங்கியது. இப்போது அதை என் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. இறந்துபோன பிள்ளைகள் மேல் ஒரு தாய்க்கு எரிச்சல் வருமா என்று கேட்டால், வரும் என்றுதான் சொல்வேன். வந்தது.

ஆகவே ஒருநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்து உண்மையைச் சொன்னேன். கடல் வந்தது, இல்ஹாமும் நுஸ்ரத்தும் போய்விட்டார்கள் என்றேன்.

அவர் முதலில் என் வாயைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார். முகாமில் பிடித்த அதே பிடி. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை விடவில்லை. “நீ இரிக்காய்தானே சரீபா, நீ போயிராத” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த நாள் எழும்பி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்களா என்று கேட்டார்.

அவருக்கு அது தங்குவதில்லை. எப்போது சொன்னாலும் முதல் தரம் கேட்பதுபோலவே கேட்கிறார். ஆரம்பத்தில் அவர் என் பக்கம் திரும்பாமல் மிகவும் பராக்காக இருக்கும் நாட்களில் மட்டும் சொன்னேன். இப்போது அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

நீங்கள் முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம், டொக்டர். நான் அவருக்குப் பொய் சொல்வதில்லை. அவருடைய சொந்த ஞாபகத்தைத்தான் அவரிடம் கொடுக்கிறேன். காப்பாற்றச் சொன்னது நீங்கள். ஒரு தகப்பன் தன் பிள்ளைகளை மறக்கக் கூடாது. இவர் மறக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

ஜெஸீமா காதியாரிடம் போய்ப் பிரிவு கேட்டாள். தன்னைத் தெரியாது என்று கட்டிலில் கிடந்து தலையாட்டிய மனிதரோடு என்ன வாழ்க்கை என்று சொன்னாளாம். நான் சாட்சியாகப் போய் அவளுக்குச் சாதகமாகத்தான் பேசினேன். பிரிவு கிடைத்துவிட்டது. ஸைனப்பைக் கூட்டிக்கொண்டு அக்கரைப்பற்றில் உள்ள மாமி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என் கையை முத்தமிட்டு, “அவரப் பாத்துக்குங்க ராத்தா” என்று அழுதாள்.

பாண்டிருப்பு அம்மாவைத் திருப்பி வரச் சொல்லுங்கள். உங்கள் கை நல்ல கை.

நான் கேட்டு நீங்கள் தந்த நேரத்துக்கு என்னால் வர முடியவில்லை. புறப்படுவதற்கு முன்னர் இன்றும் அவரிடம் சொன்னேன். அவர் என் கையை விட வெகுநேரம் எடுத்தது.